சுவர் ஏன் விழ வேண்டும்?

மனதில் இருப்பதை யாரிடமாவது கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். டாக்டர் சொல்கிறார், வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு வரும் பொன்மொழி சொல்கிறது, கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்கார அத்தை சொல்கிறார். குறைகிறது என்பதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் யார் முன்னால் கொட்டினோமோ அந்த ஆள் மறுநாளும் அதே ஊரில்தான் இருப்பார். கடைத்தெருவில் எதிரே வருவார், கோயிலில் பிரசாத வரிசையில் முன்னால் நிற்பார். அவர் முகத்தைப் பார்த்தாக வேண்டும். அந்தப் பகுதியைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. எனக்குப் பல வருடங்களாக அதுதான் உறுத்திக்கொண்டிருக்கிறது.

டெல்டா மாவட்டங்களில் ஒரு தேசியமயமாக்கப்பட்ட வங்கியின் கிளைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சர்வீஸில் பெரும்பகுதி நகைக்கடன் மேஜையில்தான் கழிந்தது. அங்கே வேலை எப்படி நடக்கும் என்று வங்கிக்குப் போனவர்களுக்குத் தெரியும். அப்ரைசர் நகையை வாங்கி உரைகல்லில் தேய்ப்பார், எடை போடுவார், கல்லுக்கும் அரக்குக்கும் கழிப்பார். அதற்குள் படிவம் நிரப்ப வேண்டும், நாலைந்து இடத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். அரை மணி நேரம், கூட்டமாக இருந்தால் ஒரு மணி நேரம்கூட, நகைக்குச் சொந்தக்காரர் என் எதிரே சும்மா உட்கார்ந்திருப்பார். கழுத்திலும் கையிலும் இருந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டு சும்மா உட்கார்ந்திருப்பது லேசான காரியமில்லை. படிவத்தில் 'கடனின் நோக்கம்' என்று ஒரு கட்டம் இருக்கும். விவசாயம், மருத்துவம், குடும்பச் செலவு என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். யாரும் ஒரு வார்த்தையோடு நிறுத்தியதில்லை. மாப்பிள்ளை வீட்டில் பைக் கேட்ட கதை, தம்பி சீட்டுக் கட்டி ஏமாந்த கதை, மகன் துபாய் போகிறேன் என்று ஏஜென்ட்டிடம் கொடுத்த கதை. ஆண்களும் சொல்வார்கள். ஆனால் ஆண்கள் கணக்குச் சொல்வார்கள், பெண்கள் காரணம் சொல்வார்கள்.

வேலையில் சேர்ந்த அன்றே எங்களிடம் ஓர் உறுதிமொழியில் கையெழுத்து வாங்குவார்கள். 1969 ஜூலையில் 14 வங்கிகள் தேசியமயமான பிறகு வந்த 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, வாடிக்கையாளரின் விவகாரங்களை வெளியே சொல்லக்கூடாது என்கிறது. அதற்கான வாசகத்தைச் சட்டத்தின் அட்டவணையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். கணக்கில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை பவுன் வைத்திருக்கிறார் என்பதெல்லாம் அந்த ரகசியத்துக்குள் அடங்கும். "வீட்டுக்காரருக்குத் தெரியாம வைக்கிறேன் மேடம், நோட்டீஸ் கீட்டீஸ் வீட்டுக்கு அனுப்பிடாதீங்க" என்று கெஞ்சும் குரல் அதில் அடங்குமா என்று சட்டம் சொல்லவில்லை. இந்த வேடிக்கையையும் சொல்ல வேண்டும். நாங்கள் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம், கணக்கோடு இணைத்த செல்போன் நம்பர் புருஷனுடையதாக இருக்கும், கடன் தொகை ஏறிய அடுத்த நொடி எஸ்எம்எஸ் அவர் சட்டைப் பைக்குப் போய்விடும். அதனால் கடன் பேசுவதற்கு முன்னால் "எந்த நம்பர் குடுத்திருக்கீங்க?" என்று கேட்பதை வழக்கமாக வைத்திருந்தேன். எந்தச் சுற்றறிக்கையும் அப்படிக் கேட்கச் சொல்லவில்லை.

தாலிக்கொடி

ஒருவரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஊர், வயது, நோய், குடும்பம் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். அவரே படித்தாலும் 'இது நானில்லை' என்று தள்ளிவிட இடம் இருக்கிறது. எதை மாற்றினேன், எதை மாற்றவில்லை என்று தேட வேண்டாம். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவர் என்னிடம் சத்தியம் எதுவும் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். வாங்காமல் போனதுதான் இதில் முக்கியம் என்றும் இப்போது நினைக்கிறேன்.

கணவருக்கு உடம்பு முடியாமல் தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். முதலில் வளையல்களைக் கொண்டுவந்தார். பிறகு ஆரமும் தோடும். ஒவ்வொரு முறையும் முகத்தில் தூக்கம் இன்னும் குறைந்திருக்கும், பேச்சு இன்னும் சுருங்கியிருக்கும். கடைசியாகத் தாலிக்கொடியோடு வந்தார். தாலியைப் புது மஞ்சள் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொண்டு, கொடியை மட்டும் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். எங்கள் பக்கத்தில் இதில் புதுமை ஒன்றுமில்லை. ஆடி மாதம் விதை நெல்லுக்கும் வைகாசியில் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் எத்தனையோ கொடிகள் எங்கள் லாக்கர் அறைக்கு வந்து போகும். கயிற்றில் மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது, ரவிக்கையின் கழுத்தோரத்தில் கறை பட்டிருந்தது. அதைப் பார்த்ததும் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். "கவலைப்படாதீங்கம்மா, நல்லபடியா எழுந்து வந்துடுவார்."

"வரவேணாம் மேடம்" என்றார்.

சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து நிமிர்ந்தேன். அழவில்லை. குரலை ஏற்றவோ இறக்கவோ இல்லை. "டாக்டர் கேக்குற காசையெல்லாம் கட்டிடறேன். ஒரு ரூபா குறைச்சேன்னு நாளைக்கு யாரும் சொல்லிடக் கூடாது. ஆனா ஐசியூ வாசல்ல உக்காந்துகிட்டு, திரும்பி வரவேணாம்னுதான் வேண்டிக்கிறேன். வாயெடுத்து யார்கிட்டயும் சொல்லல. இப்பதான் சொல்றேன்."

அப்ரைசர் எடையைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் தொகையைக் கணக்குப் போட்டேன். அவர் கையெழுத்துப் போட்டார், பணத்தை இரண்டு முறை எண்ணினார், ஆட்டோவுக்கு வேண்டும் என்று ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளைச் சில்லறையாக மாற்றித் தரச் சொன்னார். கேஷியரிடம் வாங்கிக் கொடுத்தேன். போய்விட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் கணவரிடம்கூட இதைப் பேசவில்லை. சாப்பாடு மட்டும் இறங்கவில்லை.

அவர் கணவர் பிழைத்துவிட்டார்.

அடுத்த அறுவடைப் பணம் வந்த சமயம் இருவருமாகக் கிளைக்கு வந்தார்கள். கணவர் மெலிந்திருந்தார், சட்டை தோளிலிருந்து தொங்கியது, கையில் ஊன்றுகோல். ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. எல்லா மேஜைக்கும் லட்டு கொடுத்துக்கொண்டே வந்தார். என் எதிரே உட்கார்ந்து, "மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், தாலிக்கொடிய மொதல்ல திருப்பணும்னு ஒத்தக்கால்ல நின்னேன் மேடம். இவ இல்லன்னா இன்னிக்கு நான் இல்ல" என்றார். அடகு நகையைத் திருப்பும்போது பையின் சீலை வாடிக்கையாளர் கண்முன்னால்தான் பிரிக்க வேண்டும், அவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பையைப் பிரித்தேன். கொடியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். "இங்கயே போட்டுக்க" என்றார் அவர் மனைவியிடம். அந்த அம்மாள் கொடியை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையைத்தான் இத்தனை காலம் சுமந்துகொண்டிருக்கிறேன். கெஞ்சலோ, சொல்லிவிடாதே என்ற எச்சரிக்கையோ அதில் இல்லை. நான் இருக்கிறேன் என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. நான் அந்த நாற்காலியில் இல்லாமல், அன்று விடுப்பில் போயிருந்த வேறொரு அதிகாரி இருந்திருந்தால், அவர் கொடியை எடுத்து மாட்டிக்கொண்டு வெட்கப்பட்டுச் சிரித்திருப்பார். பிழைத்து வந்த புருஷனோடு வந்த பெண்டாட்டியாக மட்டும் இருந்திருப்பார். என் எதிரே அவரால் அப்படி இருக்க முடியவில்லை. நான் ரசீதுப் புத்தகத்தைக் குனிந்து புரட்டினேன், அதில் பார்க்க ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வீட்டுல சாமி முன்னால போட்டுக்கிறேன்" என்று கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

அதன்பிறகு மிச்ச நகைகளைத் திருப்ப மகனை அனுப்பினார். அடுத்த சாகுபடிக்கு எங்கள் கிளைக்கு வரவில்லை. நாலு கடை தள்ளி ஒரு தனியார் நகைக்கடன் நிறுவனம் இருந்தது, அங்கே வைத்திருக்கிறார் என்று அப்ரைசர் சொன்னார். எங்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் வட்டி. "கணக்குத் தெரியாத அம்மா இல்லியே மேடம், ஏன் அங்க போச்சு?" என்று அவருக்கு ஆச்சரியம். எனக்குக் காரணம் தெரிந்தது, சொல்லவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்கு அவர் மாதாமாதம் ரூபாயில் கட்டிக்கொண்டிருந்தார்.

கேட்டவர் சொல்லிவிடுவார் என்ற பயம்

நான் வெளியே சொல்லிவிடுவேன் என்று பயந்திருப்பாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். பயப்படக் காரணம் உண்டு. நம் வீடுகளில் ரகசியம் ஓரிடத்தில் தங்காது. அதை நம்மவர்கள் இலக்கண மரபாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அகத்திணையில் அறத்தொடு நிற்றல் என்று ஒரு துறை. தலைவியின் காதல் தோழிக்குத் தெரியும், தோழி வளர்த்த தாயான செவிலிக்குச் சொல்வாள், செவிலி பெற்ற தாயான நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும். கபிலர் 261 அடியில் பாடிய குறிஞ்சிப்பாட்டு முழுவதும் தோழி செவிலியிடம் விஷயத்தைப் போட்டு உடைக்கும் பேச்சுதான். 99 பூக்களின் பெயரைச் சொல்லும் பாட்டு என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஒரு பெண்ணின் ரகசியத்தை அவளுடைய நன்மைக்காக இன்னொருத்தி சாமர்த்தியமாக வெளியே கொண்டுவருவதைத்தான் நான் இப்போது அதில் படிக்கிறேன். அந்தச் சங்கிலியில் கடைசிக் கண்ணி தவிர ஒவ்வொருவரும் அடுத்த ஒரே ஓர் ஆளிடம்தான் சொல்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். அக்கா அத்தையிடம் மட்டும் சொல்வாள், அத்தை மாமாவிடம் மட்டும், மாமா குடும்பத்துக்கே.

பெல்ஜிய உளவியலாளர் பெர்னார் ரிமே இதைப் பல வருடம் ஆராய்ந்தவர். ஒருவர் தன் மனதைப் பாதித்த சம்பவத்தைச் சொன்னால், கேட்டவர் அதை இன்னொருவரிடம் சொல்கிறார், சம்பவம் எவ்வளவு கனமோ அவ்வளவுக்கு அது அதிகமாகப் பரவுகிறது என்று 1997இல் அவரும் சக ஆய்வாளர் ஒருவரும் எழுதினார்கள். கேட்டவருக்கும் அது ஒரு அனுபவமாகிவிடுகிறது, அவருக்கும் இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டியிருக்கிறது. கேட்ட மறையைப் பிறரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பவனை வள்ளுவர் கயமை அதிகாரத்தில் போட்டுப் பறையோடு சேர்த்துப் பேசுகிறார். அந்தக் குறளோடு எனக்கு முழு உடன்பாடில்லை. நான் பார்த்தவரை ரகசியத்தைக் கசியவிட்டவர்களில் கயவர்கள் குறைவு, தாங்க முடியாதவர்கள்தான் அதிகம்.

ஆனால் இந்த விளக்கம் அந்த அம்மாளுக்குப் பொருந்தவில்லை. நான் வாய் திறக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். திறந்திருந்தால் அந்தச் சின்ன ஊரில் ஒரே வாரத்தில் அவர் காதுக்கே திரும்பியிருக்கும். வெளியே போகாத ரகசியத்துக்காகத்தான் அவர் விலகினார். அங்கேதான் எனக்கு அப்பாயி சொன்ன கதை உதவிக்கு வந்தது.

கிழவி கதை

இந்தக் கதை பலருக்குத் தெரிந்திருக்கும், தமிழ்நாட்டில் வழங்கும் நாட்டுப்புறக் கதைதான். ஒரு விதவைக் கிழவி. இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். நாலு பேரும் அவளைப் பாடாய்ப் படுத்துகிறார்கள். சொல்லி அழ ஆளில்லை. மனசுக்குள்ளேயே வைத்து வைத்து உடம்பு ஊதிக்கொண்டே போகிறது. 'தின்னு தின்னு கொழுத்துப்போச்சு கிழவி' என்று அதற்கும் கேலி. ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது கால்போன போக்கில் நடந்து ஊருக்கு வெளியே ஒரு பாழடைந்த வீட்டுக்குப் போகிறாள். கூரை இல்லை, நாலு சுவர் மட்டும் நிற்கிறது. ஒரு சுவரைப் பார்த்துப் பெரிய மகன் செய்ததையெல்லாம் சொல்கிறாள். அந்தச் சுவர் அப்படியே சரிகிறது, இவள் உடம்பும் கொஞ்சம் இளைக்கிறது. அடுத்த சுவரிடம் பெரிய மருமகள், அதற்கடுத்து சின்ன மகன், அப்புறம் சின்ன மருமகள். நாலு சுவரும் விழுந்துவிடுகின்றன. உடம்பும் மனசும் லேசாகிக் கிழவி வீட்டுக்குத் திரும்புகிறாள். கதை அவ்வளவுதான்.

அப்பாயி இந்தக் கதையைச் சொல்லும்போது சுவர் விழும் இடத்தில் கையைத் தரையில் தட்டுவார், நாங்கள் சிரிப்போம். வளர்ந்தபின் எனக்குக் கிழவியைவிடச் சுவர்மேல் பரிவு வந்தது. நகைக்கடன் மேஜையில் உட்கார்ந்தவளுக்கு வராமல் என்ன செய்யும். மற்றவர் துக்கத்தைக் கேட்பவர் உடைந்துபோவார் என்று கதை சொல்கிறது என்றே வெகுகாலம் நம்பினேன். கேட்பவர்களின் களைப்பைப் பற்றி நானும் என் சிநேகிதிகளும் சந்திக்கும்போதெல்லாம் பேசுவோம், அப்போதெல்லாம் இந்தக் கதையைத்தான் எடுத்துவிடுவேன்.

தாலிக்கொடியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போன அம்மாள்தான் கதையை எனக்குப் புரட்டிப் போட்டார். சுவர் விழுந்தது கிழவிக்கு நல்லதாகப் போயிற்று. விழாமல் நின்றிருந்தால்? அவள் பெற்ற பிள்ளைகளைப் பற்றிச் சொன்னதையெல்லாம் கேட்ட நாலு சுவர் ஊர் எல்லையில் நின்றுகொண்டிருக்கும். சுள்ளி பொறுக்கப் போகும்போதும் ஆடு மேய்க்கப் போகும்போதும் அவள் அதைக் கடந்துதான் போக வேண்டும். மகன் ஒருநாள் அன்பாக ஒரு வாய் சோறு போட்டால்கூட, 'நீ என்ன சொன்னாய் என்று எங்களுக்குத் தெரியும்' என்று அவை நிற்கும். கதை சொன்னவர்கள் விவரமானவர்கள். சாட்சியை மிச்சம் வைக்காமல்தான் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நான் விழாத சுவர். அவர் பிரார்த்தனை பலிக்கவில்லை. அதன்பின் அவர் மனம் மாறியிருக்கலாம், கணவரும் மாறியிருக்கலாம், இருவரும் நன்றாகவே வாழ்ந்திருக்கலாம். ஆனால் ஐசியூ வாசலில் இருந்த அந்தப் பெண் என் தலைக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள், அவளை அப்புறப்படுத்த அவரால் முடியாது. மனிதர்களிடம் பேசும்போது சொன்னதை ஒருவேளை அவர்கள் மறந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையாவது இருக்கிறது. என் முகமோ எதையும் மறந்த முகமாக அன்று இருந்திருக்காது.

முகம் தெரியாத காதுகள்

இப்படி யோசிக்க ஆரம்பித்த பிறகு, மனதைத் திறக்க மனிதர்கள் செய்துவைத்த ஏற்பாடுகளில் பாதி, கேட்பவரின் முகத்தை மறைக்கும் ஏற்பாடு என்பது கண்ணில் பட்டது. வேளாங்கண்ணியில், கத்தோலிக்கர்கள் குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியைப் பார்த்திருப்பீர்கள், நடுவில் சல்லடைத் திரை. ஆதியில் அந்தத் திரை கிடையாது. வருடத்துக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும் என்று 1215இல் திருச்சபையின் நாலாம் லாத்தரன் சங்கம் விதித்தபோது, கோயிலுக்குள் குருவின் அருகில் வந்து திறந்த இடத்திலேயே சொன்னார்கள். 16ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மிலான் பேராயர் சார்லஸ் பொரோமியோ திரையோடு கூடிய பெட்டியைக் கொண்டுவந்தார். பெண்களுக்கும் குருவுக்கும் நடுவே இடைவெளி வேண்டும் என்பது அவர் நோக்கம். ஆனால் சொல்பவருக்குக் கிடைத்தது அதைவிடப் பெரிய வசதி. கேட்டதை வெளியே சொல்லும் குருவுக்குத் திருச்சபையை விட்டே விலக்கப்படும் தண்டனை. வேறொரு சபையில், 2018இல் கேரளாவில் ஒரு பெண் சொன்ன பாவசங்கீர்த்தனத்தை வைத்தே குருமார்கள் மிரட்டினார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது, தேசிய மகளிர் ஆணையம் அந்த வழக்கத்தையே நிறுத்தச் சொன்னது, சபைகள் கடுமையாக எதிர்த்தன. சிறிய ஊரில் சொன்னது யார் என்று கேட்பவருக்கு எப்படியும் தெரிந்துவிடும்போல.

நம் ஊரில் அதற்கு இணையாக வாரப் பத்திரிகைக் கடிதங்கள் இருந்தன, இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வாரமலர் வந்ததும் என் அம்மா முதலில் புரட்டுவது 'அன்புடன் அந்தரங்கம்'. அனுராதா ரமணன் பல ஆண்டுகள் அதில் பதில் எழுதினார். சொந்த அக்காவிடம் சொல்லாததை, பெயரும் ஊரும் போடாமல், பார்த்தே இராத ஓர் எழுத்தாளருக்கு எழுதினார்கள். பதில் மட்டுமே தேவை என்றால் அக்காவிடமும் கிடைத்திருக்கும். அக்கா பொங்கலுக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள், அதுதான் சிக்கல். ரயிலில் ஆர்ஏசி இருக்கையில் எதிரெதிரே உட்கார்ந்து வரும் இரண்டு பேர் விழுப்புரம் தாண்டுவதற்குள் குடும்பக் கதை முழுவதையும் பேசி முடிப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். அந்நியனிடம்தான் மனிதர்கள் பாவசங்கீர்த்தனம்போல மனதைத் திறக்கிறார்கள் என்று ஜெர்மன் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் 1908இலேயே எழுதிவிட்டார். தாம்பரத்தில் இறங்கிவிடும் ஆள் விழுந்துவிட்ட சுவர்தான்.

எனக்குப் பிடித்தது சாட் வாரா என்ற லண்டன் பாதிரியாரின் கதை. தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்கள் தன்னைத் தொலைபேசியில் கூப்பிடலாம் என்று 1953இல் அறிவித்தார். நேரிலும் வந்தார்கள். காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கத் தன்னார்வலர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் பேசியவர்களில் பலருக்குப் பாதிரியாரைப் பார்க்கவே தேவையில்லாமல் போயிற்று. அதைக் கவனித்து அவர் வேலையைத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்தார், சமாரிட்டன்ஸ் அமைப்பு அப்படித்தான் வளர்ந்தது. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவும் தன்னார்வலர்கள் காது கொடுக்கும் அதே வழியில் வந்ததுதான். 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையும் இருக்கிறது. போனை வைத்துவிட்டால் யார் கேட்டார்கள் என்று தெரியாது. மறுநாள் கடைத்தெருவில் அவரைப் பார்த்துக் கூசவேண்டியதில்லை.

வீட்டுக்குள் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ஸ்கூட்டி. என் மகள் பெரியவளானதும் முகத்துக்கு நேரே எதையும் சொல்வதை நிறுத்திவிட்டாள். டியூஷனுக்குக் கொண்டுவிடும்போது பின்சீட்டிலிருந்துதான் பேச்சு வரும். நான் ரோட்டைப் பார்த்தாக வேண்டும், ஹெல்மெட் வேறு. அவள் முதுகிடம் சொல்வாள். "ம்" என்று மட்டும் சொல்லி ஓட்டுவேன். இறங்கியதும் நானாக அந்தப் பேச்சை எடுத்தால் தொலைந்தது, அடுத்த ஒரு மாதத்துக்கு பின்சீட் மௌனமாகிவிடும்.

வக்கீலம்மா கேட்டது

இதையெல்லாம் என் பள்ளித் தோழியிடம் சொன்னேன். அவள் கும்பகோணத்தில் வக்கீல். மகளிர் வழக்குகள்தான் அதிகம் எடுப்பாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஒன் கதையில கிழவி வீட்டுக்குத் திரும்பிப் போனாளே, அங்க யாரு இருந்தா?" என்றாள்.

அதே நாலு பேர்தான். கதையில் அதற்குமேல் ஒன்றும் இல்லை.

"சொவரு விழுந்துச்சு, இவ எளச்சுப் போயி மறுபடியும் அடிவாங்கப் போயிட்டா. சாட்சி இல்லாதது அவளுக்கா நல்லது? மகனுங்களுக்குத்தான்டி நல்லது" என்றாள். பிறகு சட்டத்துக்குப் போய்விட்டாள், அவளை நிறுத்த முடியாது. புருஷன் பெண்டாட்டிக்குள் பேசிக்கொண்டதைக் கோர்ட்டில் சொல்லச் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது, சாட்சியச் சட்டத்தில் முன்பு அது 122ஆவது பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 128. வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதற்கும் அப்படிப் பாதுகாப்பு உண்டு. சிநேகிதியிடம் சொன்னதற்குக் கிடையாது, நகைக்கடன் மேஜையில் சொன்னதற்கும் கிடையாது, கோர்ட் கூப்பிட்டால் வந்து சொல்லித்தான் ஆக வேண்டும். சில விஷயங்களில் கோர்ட் கூப்பிடும்வரை காத்திருக்கவும் கூடாது. குழந்தைகளுக்கு நடக்கும் பாலியல் குற்றம் காதில் விழுந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி போலீஸுக்குச் சொல்வது கேட்டவர் கடமை, சொல்லாமல் இருந்தால் ஆறு மாதம்வரை சிறை. "டீச்சருங்ககிட்ட புள்ளைங்க 'யார்ட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க மிஸ்'னு கேக்கும். பண்ணக் கூடாதுன்னு கூட்டம் போட்டுச் சொல்றேன். விழாத சொவரா நிக்கத்தான் சில பேரு வேணும்."

அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவள் விடவில்லை. "புருஷன் வரவேணாம்னு ஒருத்தி வேண்டிக்கிறான்னா அதுக்குப் பின்னாடி என்ன இருந்திருக்கும்? ஏன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருக்கக்கூடாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு, பத்துப் பேர் காத்திருக்கும் இடத்தில், ஆஸ்பத்திரி கவுண்டர் மூடுவதற்குள் பணத்தோடு போய்ச் சேர வேண்டியவரிடம் அதிகாரி நாற்காலியிலிருந்து ஏன் என்று கேட்பது விசாரணை. அவர் அன்று கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டார், அதையும் நான் பிடுங்கியிருப்பேன். தோழி ஒப்புக்கொள்ளவில்லை. பிறகாவது வீடு தேடிப் போயிருக்கலாம், மகளிர் உதவி எண் 181 என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கலாம் என்கிறாள். அடி உதை இருந்தது என்று எதை வைத்து முடிவு செய்தாய் என்றேன். எதுவும் இல்லை என்று நீ எதை வைத்து முடிவு செய்தாய் என்றாள். போன தீபாவளிக்குத் தொடங்கிய சண்டை, இன்னும் ஓயவில்லை.

இதற்கு நடுவே, ஓய்வுக்குப் பிறகு சும்மா இருப்பானேன் என்று, ஒரு தொலைபேசி உதவி மையத்தில் தன்னார்வலராகச் சேர விண்ணப்பித்திருக்கிறேன். பயிற்சிக்கு வரச் சொல்லிவிட்டார்கள். தோழியிடம் சொன்னதும், "பாத்தியா, விழற சொவருக்குத்தான் போற" என்று சிரித்தாள். அங்கே ஆபத்து என்று தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் நடைமுறை இருக்குமாம், அதை முதல் நாளே கேட்டு எழுதிக்கொண்டு வந்து தன்னிடம் காட்ட வேண்டும் என்று ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறாள். முதல் பக்கத்தில் அவளே கேள்விகளையும் எழுதிவிட்டாள். ஏழாவது கேள்வி மட்டும் அடித்திருக்கிறது, என்னவென்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள்.